இரண்டு தட்டுத் தண்ணீர்

அவனுடைய உள்ளங்கை எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். வெயிலுக்கு வருகிற வியர்வை இல்லை அது. ஏசி அறையில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் சொட்டும். எழுதினால் காகிதம் ஊறும். யாராவது கை குலுக்க வந்தால் அவனுக்கு அவசரமாக இருமல் வந்துவிடும். வேலை நகைக்கடையில்தான், ஆனால் வாடிக்கையாளர் கண்ணில் படாத பின்னறையில், கையுறை மாட்டிக்கொண்டு டப்பாவுக்குள் பஞ்சு வைக்கிற வேலை.

அந்தக் கையை உலகத்திலேயே ஒருத்திதான் பிடித்தாள், அவன் பெண்டாட்டி. கல்யாணமான புதிதில் அவன் கூச்சப்பட்டுக் கையை இழுத்துக்கொண்டபோது, "நான் என்ன சர்க்கரையா, கரைஞ்சு போறதுக்கு?" என்று கேட்டவள் அவள். சினிமாவுக்குப் போனால் பிடித்த கையை இடைவேளையில் ஒருதரம் புடவையில் துடைத்துவிட்டு மறுபடி பிடித்துக்கொள்வாள். அவளுக்கு அதில் ஒரு கர்வம்கூட இருந்தது. வேறு எவளும் தொட மாட்டாள் என்கிற கர்வம். இதையெல்லாம் வெளியே சொன்னால் நன்றாகவா இருக்கும்?

வைத்தியம் பார்க்காமல் இல்லை. தோல் டாக்டர் முதலில் ஒரு மருந்து கொடுத்துத் தடவச் சொன்னார். தோல் எரிந்ததுதான் மிச்சம். மாத்திரை போட்டான். கை கொஞ்சம் காய்ந்தது, கூடவே வாயும் காய்ந்து நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. உள்ளங்கை முழுக்க ஊசி போடலாம், சில மாதம் தாங்கும் என்றார். ஊசி என்ற சொல்லைக் கேட்டதும் இவன் வாசலில் செருப்பைத் தேடினான். கடைசியில் வீட்டுக்கு வந்தது ஒரு மிஷின். இரண்டு பிளாஸ்டிக் தட்டில் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு கையை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். தண்ணீர் வழியாக லேசாக மின்சாரம் ஓடும்.

கூட வந்த குறிப்பை அவள்தான் உரக்கப் படித்தாள். "பாதியில கையை வெடுக்குனு எடுக்கக் கூடாது, சுளீர்னு அடிக்கும். குழாய்த் தண்ணிதான் ஊத்தணும்."

அன்றிலிருந்து தண்ணீர் ஊற்றுவது அவள் பொறுப்பு. இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. கையை உள்ளே வைத்த மறுநிமிடமே அவனுக்கு மூக்கு அரிக்கும். "மூக்கு," என்பான். அவள் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்த தையல் மிஷினை நிறுத்திவிட்டு வந்து சொறிந்துவிடுவாள். "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்," என்று அதிகாரம் வேறு.

கை காய்ந்தது. முதலாளி அவனை முன்பக்கத்து மோதிரக் கவுண்டரில் போட்டுப் பார்த்தார். சரிப்பட்டால் அங்கேயே நிரந்தரம் என்றார். அவளும் சந்தோஷமாகத்தான் இருந்தாள், மழை வந்த ஒரு நாள் குடையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிற வரை.

கவுண்டரில் ஒரு பெண் கையை நீட்டியிருந்தாள். அவள் விரலைத் தன் இரண்டு விரலால் ஏந்திக்கொண்டு, அளவு வளையங்களை ஒவ்வொன்றாக மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்தான் இவன். "விரலைக் கொஞ்சம் தளர்த்துங்க மேடம்." அந்தப் பெண் சிரித்தாள். இவனும் பல்லைக் காட்டினான். குடையோடு நின்றவள் அதைக் கொடுக்காமலே திரும்பி நடந்தாள்.

அவன் வீட்டுக்கு வந்ததும், "இன்னைக்கு யார் யார் விரலைப் பிடிச்சீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். அந்த மண்டு உண்மையென்று நம்பி வரிசையாகச் சொன்னது. "ஒரு பொண்ணு விரல் பென்சில் கணக்கா இருந்துச்சு. கடையில இருக்கிற சின்ன வளையமே லூசா நின்னுச்சு." அவள் ஊசி குத்திக் காய்த்துப் போன தன் விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். அடுத்த முறை சினிமாவில் அவனே ஆசையாகக் கையைப் பிடித்தான். காய்ந்த கை. யாரோ ஒருத்தர் கை மாதிரி இருந்தது. ஊரே பிடிக்கிற கையில் தனக்கு என்ன இருக்கிறது என்று தோன்றியது அவளுக்கு.

மறுநாள் குழாயில் தண்ணீர் கலங்கலாக வந்தது. குடிக்கிற கேன் தண்ணீரை ஊற்றினாள். அடுத்தடுத்த நாள்களில் குழாய்த் தண்ணீர் தெளிவாகத்தான் வந்தது. அப்போதும் கேன் தண்ணீரைத்தான் ஊற்றினாள்.

"சுருக்குனே இல்லையே?" என்றான்.

"உங்களுக்குப் பழகிப் போச்சு."

சில வாரத்தில் பழைய ஈரம் திரும்பியது. கவுண்டரில் வளையம் வழுக்கி உருண்டது. ஒரு வாடிக்கையாளர் கைக்குட்டையை எடுத்து, அவன் பிடித்த விரலை அவன் எதிரிலேயே துடைத்தாள். மறுபடி பின்னறைதான் என்று முதலாளி சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் அவன் சுருண்டு உட்கார்ந்திருந்தபோது அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். நசநசவென்று, பழையபடி தன்னுடையதாக இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டுமே, அவளுக்கு உள்ளூரக் குளிர்ந்தது.

அப்போதுதான் அவன் சொன்னான். "ஆபரேஷன் பண்ணிக்கிறேன்."

"நெஞ்சுக்குள்ள நரம்பை வெட்டுறதா? அப்புறம் முதுகு, வயிறெல்லாம் வேர்க்கலாம், வெட்டினா வெட்டினதுதான்னு டாக்டர் சொன்னாரே!"

"சட்டைக்குள்ள வேர்த்தா எவன் பாக்கப் போறான்?"

டாக்டரிடம் அவளும் கூடப் போனாள். அவர் கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மிஷினுக்கு நல்லா கேட்டுக்கிட்டிருந்துச்சே. மிஷின்ல என்ன தண்ணி ஊத்துறீங்க?" என்றார்.

"குழாய்த் தண்ணிதான் டாக்டர். இவதான் ஊத்துறா," என்றான் அவன், துளி சந்தேகம் இல்லாமல்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் இவனை மேஜையில் கிடத்தி நெஞ்சைத் துளைப்பார்களே. "கேன் தண்ணி," என்றாள்.

டாக்டர் சிரித்துவிட்டார். "சுத்தமா இருக்கட்டும்னு ஊத்திட்டீங்களா? உப்பெல்லாம் வடிகட்டின தண்ணியில கரண்ட் சரியா ஓடாதும்மா. குழாய்த் தண்ணிக்கு மாத்துங்க. ஆபரேஷன் பேச்சை அப்புறம் பாப்போம்."

தப்பிக்க நல்ல வழி. ஆனால் அவன் சிரிக்கவில்லை. படி இறங்கும்போது கேட்டான். "குறிப்பை நீதானே படிச்ச?"

"ஆமா."

"அப்புறம் ஏன்?"

"நீங்க கண்டவ கையெல்லாம் பிடிக்கிறீங்க. எனக்குத் தாங்கல."

"டாக்டர் கேக்கலைன்னா சொல்லியிருப்பியா?"

அவள் அவனைத் தாண்டிப் படி இறங்கினாள். பஸ்ஸில் இருவரும் வேறு வேறு சீட்டில் உட்கார்ந்தார்கள்.

அன்று முதல் அவனே தட்டுகளைக் குழாயடிக்குக் கொண்டுபோய் நிரப்பினான். முதலாளியிடம் கெஞ்சிக் கவுண்டருக்கு இன்னொரு தவணை வாங்கியிருந்தான். மூக்கு அரிக்காமல் இல்லை. தோளில் தேய்த்தான், முகத்தைக் கோணினான், கூப்பிடவில்லை. அவள் தையல் மிஷினுக்குப் பின்னாலிருந்து அந்தக் கோணலைப் பார்த்துக்கொண்டே கோணல் தையலாகப் போட்டாள். கடையில் விரல் நீட்டுகிற அத்தனை பேர் மேலும் வந்த பொறாமை, இப்போது அவனுடைய தோள்பட்டை மேல் வந்தது.

கை மறுபடி காய்ந்தது. கவுண்டர் நிரந்தரமானது. அதைச் சொன்ன நாளும் வழக்கம்போல உட்கார்ந்தான், கையை வைத்தான், மூக்கைச் சுருக்கினான், தோளைத் தூக்கினான். எட்டவில்லை.

"மூக்கு," என்றான், சுவரைப் பார்த்துக்கொண்டு.

அவள் ஓடியே வந்தாள். சொறிந்துகொண்டே, "அத்தனை பேர் விரலைப் பிடிக்கிறீங்களே, எவகிட்டயாவது இதைச் செய்யச் சொல்ல முடியுமா?" என்றாள். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம்," என்றான் அவன்.

தண்ணீரை மட்டும் இன்றுவரை அவனேதான் ஊற்றிக்கொள்கிறான்.