வாரா வாரம் வத்தல் காயப் போடுகிறவர்

இலுப்பூர் போகிற சாலையில் மழைக்கணக்கு ஆபீஸ் என்று ஓர் ஓட்டுக் கட்டடம் இருந்தது. முப்பத்தெட்டாம் வருஷம் அதன் குமாஸ்தா ரெங்கசாமி. வேலை என்னவோ இரண்டுதான். முற்றத்துத் தகரக் குவளையில் விழுந்த மழையை அளப்பது ஒன்று. வரும் வாரம் வானம் எப்படி இருக்கும் என்று வெள்ளிக்கிழமைதோறும் எழுதிச் சுவரில் ஒட்டுவது இன்னொன்று. முதல் வேலைக்குக் கண் இருந்தால் போதும். இரண்டாவதற்கு மூளை வேண்டும், அது ரெங்கசாமிக்கு எதிர்த்த குடிசையில் இருந்தது.

அங்கே மருதாயி பனையோலைக் கூடை பின்னுவாள். வெள்ளி மதியம் ரெங்கசாமி வெற்றிலை மென்றுகொண்டே அந்தப் பக்கம் நடப்பார்.

"மருதாயி, வீட்டுல வத்தல் காயப் போடணுங்குறாங்க. போடலாமா?"

அவள் தலையை உயர்த்தி வானத்தைப் பார்ப்பாள். "செம்மறிக் குட்டிக மாதிரிச் சின்னச் சின்னதா மேய்ஞ்சுக்கிட்டு இருக்குங்க. ரெண்டு நாள்ல தூத்தும். இன்னைக்குப் போட்டு நாளைக்கே எடுத்துருங்க." இன்னொரு வாரம், "பஞ்சுப் பொதியாட்டம் தனித்தனியா நிக்கிது. அது சும்மா வேடிக்கை காட்டுற மேகம். போடுங்கய்யா" என்பாள். ரெங்கசாமி ஆபீசுக்குத் திரும்பி அதையே துரைமார் பாஷை கலந்து எழுதி ஒட்டுவார். நாலு வருஷம் ஒரு வாரம்கூடத் தப்பவில்லை. மனுஷருக்குக் கழுத்து ஒரு சாண் நீண்டுவிட்டது.

இந்தப் புகழ் மேலே எட்டி, பெரிய ஆபீசரே நேரில் வந்தார். கையில் ஒரு சுருள் படம், அதில் இருபது வகை மேகம். வரும் சனிக்கிழமை ஆபீசுக்கு எதிர்ப் பொட்டலில் பயிர்க் கண்காட்சி என்றும், பந்தலுக்குக் கீற்று வேய்வதா, துணி கட்டினால் போதுமா என்பதை வெள்ளிக்கிழமைக் குறிப்பைப் பார்த்து முடிவு செய்வதாகவும் சொன்னார்.

"அது சரியாப் போச்சுன்னா தலைமைக் குமாஸ்தா நீங்கதான். மேடையிலேயே ஆர்டர் குடுத்துர்றேன்."

பதினெட்டு வருஷமாக ரெங்கசாமி கனவில் கண்ட நாற்காலி அது. கூடை கொடுக்க வந்து நின்ற மருதாயி, படத்தைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். குட்டு வெளிப்பட்டுவிடுமே என்று ரெங்கசாமி முந்திக்கொண்டார்.

"ஏய், மேகத்தைப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்? போய் ஓலையப் பின்னு."

அவள் கூடையை வைத்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. வானம் முழுக்க மேகம். படத்தை விரித்தார். இருபதும் ஒன்றுபோலவே இருந்தன. போய்க் கேட்கலாம்தான், ஆனால் வரப்போகும் தலைமைக் குமாஸ்தா கூடைக்காரியிடம் போய் நிற்பதா? ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். மருதாயி கட்டுக் கட்டாகப் பனையோலையைப் பாறைமேல் பரப்பிக்கொண்டிருந்தாள். அடேயப்பா, கேட்கவே வேண்டாமே! மழை வருமென்றால் காயப் போடுவாளா?

'வாரம் முழுவதும் வறண்ட வானம்' என்று எழுதி ஒட்டினார். பந்தலுக்கு வெள்ளைத் துணி கட்டினார்கள்.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஆபீசர் மாலையோடு மேடையேறினார். பத்தேகாலுக்குத் துணி தொப்பையாகத் தொங்கியது. பத்தரைக்குக் கிழிந்து, அத்தனை தண்ணீரும் ஆபீசர் தலையில் இறங்கியது. பரிசுப் பூசணிக்காய்கள் ஓடைப்பக்கம் மிதந்து போயின. ஆர்டர் காகிதம் ஆபீசர் சட்டைப்பையில் கூழாகிவிட்டது.

ஆபீஸ் ஓடுகூட ஒழுகியது; பக்கத்தில் ஒழுகாத கூரை மருதாயியின் குடிசை ஒன்றுதான். ஆபீசர் அதற்குள் ஓடினார். பின்னாலேயே ரெங்கசாமி.

"நேத்து ஓலை காயப் போட்டியே?" என்று அவள்மேல் பாய்ந்தார் ரெங்கசாமி. "மழை வருமுன்னு தெரியாதா ஒனக்கு?"

"தெரிஞ்சுதாங்க போட்டேன். காஞ்ச ஓலைய வளைச்சா ஒடிஞ்சுபோகும். மழையில நனைஞ்சாத்தான் பின்னுறதுக்குப் பதமா வரும்." அவள் துண்டை எடுத்து ஆபீசரிடம் கொடுத்தாள். "தலையத் தொடைச்சுக்கங்கய்யா."

ஆபீசர் துடைப்பதை நிறுத்தினார். "மழை வரும்னு ஒனக்கு எப்படிம்மா தெரியும்?"

"மேகத்தைப் பாத்தாத் தெரியுங்க. இந்தா, இந்த ஐயாவுக்கு நாலு வருசமா வாரா வாரம் நாந்தான் சொல்லுவேன். வெள்ளிக்கிழமை தவறாம வந்து, வத்தல் காயப் போடலாமான்னு கேப்பாரு."

ஆபீசர் மெல்லத் திரும்பி ரெங்கசாமியைப் பார்த்தார். கூரையில் மழை சடசடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"இந்த வாரம் கேக்கலைங்க" என்றாள் மருதாயி, நனைந்த ஓலை ஒன்றை எடுத்து நெளித்துப் பார்த்தபடி. "வீட்டுல வத்தல் போடல போலருக்கு."