எல்லார் போனிலும்

இசக்கிசெல்விக்கு வாய் முந்தும், புத்தி பிந்தித்தான் வரும். இது சந்து முழுக்கத் தெரிந்த சங்கதி. அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? அந்தச் சனிக்கிழமை காலையிலும் வாய்தான் முந்தியது.

தாராவியில் அவர்கள் சந்துக்கென்று ஒரு வாட்ஸப் குரூப் உண்டு. அதில் யாரும் எழுதுவதில்லை. பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து ஓடாது, பெரியவர்களுக்கு வேறு எழுத்து ஓடாது. ஆகவே எல்லாமே வாய்ஸ்தான். எழுதுகிறவனுக்காவது எழுத்தைத் தேடுகிற நேரத்தில் கோபம் கொஞ்சம் ஆறும். வாய்ஸில் அதற்கு வழியே இல்லை. கட்டைவிரலை வைத்தால் வயிற்றெரிச்சல் எல்லாம் அப்படியே போய் விழும்.

தோல்பை தைக்கிற சேசுராஜ்தான் அன்று முதலில் பேசி அனுப்பினார். சந்தை இடித்துப் புதுசாகக் கட்டப் போகிறார்கள், அதற்கு வீடுகளை சர்வே எடுக்க வருகிறவர்களை உள்ளே விடுவோம், நம்பர் போட்டுக்கொண்டால்தான் நாளைக்குப் புது வீடு என்றார். அவர் வீட்டுக்கு மேலே, இரும்பு ஏணி ஏறிப் போனால் இசக்கிசெல்வியின் அறை. மேல் அறைக்காரர்களை எவன் கணக்கில் சேர்ப்பான் என்று அவளுக்குப் பயம். நியாயமான பயம்தான். அதைச் சொல்லியிருந்தால் யார் கோபித்துக்கொள்ளப் போகிறார்கள்? இவளோ, "பெத்த மவளையே வீட்டோட வச்சிக்கிடத் தெரியாத மனுசன், சந்துக்கே வீடு வாங்கித் தரப் போறாராம்" என்று பேசி அனுப்பிவிட்டாள்.

அவர் மகள் ஜெனி ஒரு மராட்டிப் பையனைக் கட்டிக்கொண்டு கோபர்கைரனேக்குப் போனவள். அப்பனுக்கும் மகளுக்கும் பேச்சு நின்றுபோய், இப்போதுதான் இரண்டு பேரும் இறங்கி வந்திருந்தார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கைக்குழந்தையோடு முதல்முறையாக வருகிறாள். இதெல்லாம் இசக்கிசெல்விக்குத் தெரியாததா? சந்து ஞாபகமாகவே இருக்கிறாள் என்று ஜெனியைக் குரூப்பில் சேர்க்கச் சொன்னதே இவள்தான்.

விரலை எடுத்ததுமே பகீரென்றது. அழிக்கப் போனாள். எல்லார் போனிலும் அழிக்கவா, உன் போனில் மட்டும் அழிக்கவா என்று போன் கேட்டது. பதற்றத்தில் எதையோ அமுக்கினாள். கண்முன்னால் இருந்தது மறைந்தது. அப்பாடா என்று முறுக்குக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டாள்.

அங்கே பாக்கெட் ஒட்டுகிற நஜ்முன்னிசா அதே சந்துக்காரி. "ஏன்க்கா அப்படிப் பேசிட்டீய?" என்றாள்.

"அதத்தான் அழிச்சிட்டேனே."

நஜ்முன்னிசா தன் போனை நீட்டி அமுக்கினாள். இசக்கிசெல்வியின் குரல் கணீரென்று வந்தது. "ஒங்க போன்ல மட்டுந்தான் அழிஞ்சிருக்குக்கா."

அதற்குமேல் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எடை போட்ட முறுக்கையே திரும்ப எடை போட்டாள். வெளியே போய் ஜெனிக்குப் போன் போட்டாள், அது அடித்து அடித்து ஓய்ந்தது. உள்ளே வந்தாள், மறுபடி போனாள். கடைசியில் தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். தொண்ணூறடி ரோட்டில் குறுக்கே பாய்ந்தவளை ஒரு ரிக்ஷாக்காரன், "தேக் கே சலோ, மௌசி" என்று, பார்த்துப் போகச் சொல்லி அதட்டினான். மற்ற நாளாக இருந்தால் அவன் பரம்பரையையே இழுத்திருப்பாள். அன்று திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினாள்.

சேசுராஜின் மனைவி லூசியம்மாள் வாசலில் உட்கார்ந்து, ஆப்பத்துக்கு ஊறப்போட்ட அரிசியைச் சும்மா அளைந்துகொண்டிருந்தாள்.

"மைனி, ஜெனி கேட்டுட்டாளா?"

"கேட்டுட்டா. நாளைக்கு வரலன்னுட்டா." லூசியம்மாள் நிமிரவில்லை. "மாமியாக்காரி பக்கத்துல இருந்தாளாம். அவளுக்குத் தமிழ் தெரியாது. ஏன் அழுதன்னு கேட்டாளாம். எம்புள்ள என்னத்தச் சொல்லுவா?"

இசக்கிசெல்வி அங்கேயே குந்தி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"எங்கிட்டத் தனியா அழுது என்ன செய்ய, செல்வி? திட்டுனப்ப சந்தே கேட்டுதுல்லா?"

ஏணியேறி அறைக்குப் போனாள். பேசத் தொடங்கினாள், அழித்தாள். முதலில் பேசியது வெயில் மேலும் தலைவலி மேலும் பழி போட்டது. அடுத்ததில் சேசுராஜ்தான் தன்னைக் கிளறிவிட்டார் என்று வந்தது. அது அவளுக்கே சகிக்கவில்லை. எழுந்து நடந்தாள். அந்த அறையில் நடக்க எங்கே இடம்? சுவரில் போய் நின்று, மறுபடி கட்டைவிரலை வைத்தாள்.

"செல்வி பேசுதேன். சர்வே வேண்டாம்னு காலைல சொன்னேன், இப்பவும் அதான். சேசுராஜ் அண்ணங்கூட அதுக்குச் சண்ட போடத்தான் செய்வேன். ஆனா ஜெனிய இழுத்தது எந் தப்பு. அவ கல்யாணத்துக்கு நம்ம சந்துல ஒருத்தரும் போவல, நானும் போவல. அப்படிப்பட்டவளுக்கு அவளப் பத்திப் பேச என்ன இருக்கு? ஜெனி, நாளைக்கு வந்துரும்மா. எம் மூஞ்சியப் பாக்க வேண்டாம்னா, நான் கதவச் சாத்திட்டு உள்ளயே இருந்துக்கிடுதேன்."

கொஞ்ச நேரத்தில் கீழே, தோல்பைகளுக்கு நடுவே இருந்த ஸ்பீக்கரில் அவள் குரல் அவளுக்கே கேட்டது. பிறகு சேசுராஜின் வாய்ஸ் குரூப்பில் வந்தது. "சர்வே விசயத்துல நீ சொல்லுதது தப்பு செல்வி. திங்கக்கெழம சந்துக் கூட்டத்துல வந்து பேசு, மேல் ரூம்புக்காரங்க கதைய மொதல்ல எடுப்போம்." ஜெனியிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடந்தாள். தண்ணீர் பிடிக்கக்கூட இறங்கவில்லை. புழுக்கத்தில் சேலை உடம்போடு ஒட்டியது. கீழே ஆப்பச்சட்டி வாசனை வந்தது. யாரோ வந்தார்கள், யாரோ போனார்கள். திடீரென்று ஒரு குழந்தை வீறிட்டது. அவள் எழுந்து கதவுவரை போய், வாக்கு கொடுத்தது நினைவு வந்து திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

குழந்தையின் அழுகை ஏணியில் ஏறி வந்தது. கதவை யாரோ காலால் தட்டினார்கள்.

திறந்தாள். ஏணியின் மேல்படியில் ஜெனி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் பிள்ளையோடு. முகத்தில் சிரிப்பில்லை.

"எனக்கு இன்னும் கோவம் போவல, அத்தை. மொதல்ல புள்ளையப் பிடிங்க, கை வலிக்கு."