வளையியில் ஒரு மேடு

கொட்டாஞ்சேனையில் உயர்தரத்துக்கு இணைந்த கணிதம் படித்தவர்களுக்கு கணக்கு மாஸ்டர் ஷிராஸ் சேரின் வாய் தெரியும். வளையி எனும் வளைகோட்டின் கீழுள்ள பரப்பைத் தொகையிட்டுத் திருத்தமாகக் காண வழியிருக்க, எவனாவது அதற்குள் சரிவகங்களை அடுக்கி அண்ணளவாக விடை சொன்னால், "மேசன் வேலைக்குப் பழகுறியா?" என்று கேட்பார். அப்பேர்ப்பட்ட மனிதரின் இரத்தத்துக்கே சரிவகம் அடுக்கும் காலம் வந்து சேர்ந்தது.

மனைவி பஸ்லா தன் சிறுநீரகம் ஒன்றை அவருக்குக் கொடுத்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. வந்த உறுப்பை உடம்பு அந்நியமென்று தள்ளிவிடாமல் இருக்கக் காலையும் இரவும் ஒரு மாத்திரை. அது குறைந்தால் சிறுநீரகம் போய்விடும். கூடினால் சின்னக் கிருமியும் ஆளைச் சாய்த்துவிடும். அதனால் காலையில் மாத்திரை கொடுத்து, நேரம் விட்டு நேரம் இரத்தம் எடுத்து, அதிலிருக்கும் மருந்தைப் புள்ளிகளாகக் குறித்து, புள்ளிகளைக் கோட்டால் இணைத்து, கீழேயுள்ள பரப்பைச் சரிவகம் சரிவகமாகக் கூட்டுகிறார்கள். உடம்புக்குக் கிடைத்த மருந்து அந்தப் பரப்புத்தான்.

இந்த வேலையைச் செய்பவள் ஆஸ்பத்திரி மருந்தாளர் ரூபிகா. மத்தியானம் வரைக்குமான புள்ளிகளை ஷிராஸ் அவளிடம் கேட்டு வாங்கினார். மளமளவென்று ஏறி மெல்ல இறங்கும் ஒரு வளையியின் சூத்திரமாகச் சார்பொன்றைக் கட்டிலில் சாய்ந்தபடியே எழுதினார். அது ஒரு புள்ளியையும் விடாமல் தொட்டுக்கொண்டு போனது. இரவு மாத்திரை வரைக்கும் தொகையிட்டார். விடை வேண்டிய அளவுக்கு வெகு கீழே நின்றது.

"மருந்து காணாது. டொக்டர்ட்ட சொல்லி இண்டைக்கே கூட்டுங்க," என்றார்.

ரூபிகா தாளைப் பார்த்தாள். "வடிவான கணக்கு, சேர். ஆனா மத்தியானத்துக்குப் பிறகு நாங்கள் ரத்தம் எடுக்கேல்லையே. சாப்பிட்ட பிறகு இன்னும் ரெண்டு தரம் எடுக்கோணும்."

"அதான் சார்பு ஈக்குதே. இறங்கத் தொடங்கினது இறங்கிட்டுத்தான் போகும்."

"அது நீங்கள் எழுதின சார்பு. உங்கட ஈரல் என்ன செய்யுது எண்டு எனக்குத் தெரியாது."

பக்கத்துக் கதிரையிலிருந்த பஸ்லாவுக்குப் பொறுக்கவில்லை. "நான் முழுசா ஒண்ட எடுத்துக் குடுத்தேன். நீங்க ரெண்டு சொட்டு ரத்தத்துக்கு வாதாடுறீங்க."

ஷிராஸ் சோறு தின்றார், இரத்தம் எடுக்கக் கையை நீட்டினார்.

பொழுது சாயும் மஃரிப் தொழுகைக்குக் கிட்ட இரத்த முடிவு வந்தது. பின்னேரப் புள்ளிகள் மத்தியானப் புள்ளிக்கு மேலே இருந்தன. இயந்திரம் பிழையாகக் காட்டியிருக்கும் என்று அவர் சாதித்துப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார்கள், அதே எண்தான்.

"ஈரல் மருந்தில ஒரு பங்கைப் பித்தத்தோட குடலுக்கு அனுப்பும்," என்றாள் ரூபிகா. "சாப்பிட்டதும் அது திரும்ப ரத்தத்துக்கு வரும். சில பேருக்கு இந்த மேடு சின்னன். உங்களுக்குப் பெரிசு."

மேட்டையும் சேர்த்துச் சரிவகங்களைக் கூட்டினால் மருந்து அளவாகத்தான் இருந்தது. கடைசித் தசமம் வரை சரியாகப் போட்ட கணக்கு ஒரு மேட்டையே முழுசாக விழுங்கியிருந்தது.

"இண்டைக்குக் கூட்டியிருந்தா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஒரு கிருமி வந்திருந்தா உங்கட உடம்பு தாங்கியிராது, சேர்."

அவர் மறுபடி கையை நீட்டினார். பயத்தையும் மீறி அவருக்கு அந்த மேட்டின் மேல் ஆசை வந்துவிட்டது. "உச்சி எங்க ஈக்கி எண்டு பாக்கோணும். நாளைக்குக் கிட்டக் கிட்ட எடுங்க."

"தேவையில்ல. உச்சியை எங்க வச்சுப் பாத்தாலும் மாத்திரையின்ட அளவு மாறாது. இது காணும்."

நம்பாமல் உச்சியை உயர்த்தியும் தாழ்த்தியும் கணக்குப் போட்டார். அவள் சொன்னதுதான் சரி. இரண்டு பின்னேரப் புள்ளிகளுக்கு நடுவே இடைவெளி விட்டுவிட்டுத் துண்டுக் கோடு போட்டு, பஸ்லாவிடம் தாளைக் காட்டினார்.

"இதுக்குள்ள என்ன நடந்தது எண்டு எனக்குத் தெரியா."

கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் வராத சொல் அது. சிரிக்கப் போன பஸ்லா அவர் முகத்தைக் கண்டு அடக்கிக்கொண்டாள். மனிதர் நன்றாகப் பயந்துபோயிருந்தார்.

"நீ தந்தத நானே கணக்குப் போட்டுத் தொலைக்கப் பாத்தேன், பஸ்லா."

பஞ்சு ஒட்டியிருந்த அவர் கையை எடுத்து அவள் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் குடுத்தது என்ட மனுசனுக்கு," என்றாள். "மாஸ்டர் இண்டைக்குக் கொஞ்சம் சும்மா இருக்கட்டும்."