இடி விழுந்த மரத்துக் கொம்பு

சாயக்காரிக்கு மரத்துக் கதைகளில் நம்பிக்கை கிடையாது. வீட்டுக்கு வேண்டிய நம்பிக்கை மொத்தத்தையும் அவள் புருஷனே குத்தகைக்கு எடுத்திருந்தார். துடைப்பத்துக்குக் கைப்பிடி இழைப்பது அவர் வேலை. சாயம் ஏற்றிப் புல்லைக் கட்டுவது இவள் வேலை. எந்த மரம் கண்ணேறு போக்கும், எது வீட்டில் சண்டை மூட்டும் என்று வருகிறவர்களிடம் அவர் அளக்க ஆரம்பித்தால், "பெருக்கினா குப்பை போகுமான்னு மட்டும் சொல்லுங்க" என்பாள்.

மகள் விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்கவில்லை. மகளுக்கு இரண்டு தடவை கரு தங்கவில்லை. இப்போது மறுபடி உண்டாகியிருக்கிறாள். இடி விழுந்து கருகி, திரும்பத் துளிர்த்த மரத்தின் கொம்பு வீட்டில் இருந்தால் வந்த உயிர் தங்கும் என்பது அவர் கேட்டு வளர்ந்த கதை. அப்படி ஒரு மாதுளை மரத்தைத் தேடி நாயாய் அலைந்து, ஒற்றைக் கொம்பு கொண்டுவந்து துடைப்பப் பிடியாக இழைத்து வைத்திருந்தார். அதை எடுத்துப்போக மகள் அன்று வருவதாக இருந்தது.

அவர் வெளியே போயிருந்த நேரம், விற்பனைக்கான மாதுளைப் பிடிகளுக்கு இவள் சாயம் வைத்தாள். மகளுடைய பிடியும் பளிச்சென்று இருக்கட்டுமே என்று ஆசை. அடையாளத்துக்கு ஒரு நூல் கட்டி, அதையும் கூடவே இறக்கினாள். பித்தளைக் கொப்பரை ஈயம் பூசப் போயிருந்ததால் இரும்புக் கொப்பரையை வைத்தாள். கடுக்காய்ச் சாயம் இரும்பைத் தொட்டால் கறுத்துப்போகும் என்று ஊருக்கே பாடம் எடுக்கிறவள்தான். அன்றைக்குப் புத்தி புல் மேயப் போய்விட்டது. மூடியைத் திறந்தால் அத்தனை பிடியும் கன்னங்கரேல். நூல் அவிழ்ந்து தனியே மிதந்தது.

பிடிகளைத் தண்ணீரில் போட்டுத் தேய்த்துப் பார்த்தாள்; கறுப்பு போகவில்லை. நம்பாத கதைக்கு ஏன் இப்படிப் பதறுகிறோம் என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. பிறகு அழுகை வந்தது. பிள்ளைக்கு இருந்த ஒரே தைரியத்தையும் பிடுங்கிவிட்டேனே என்று அழுதாள்.

அவர் வந்ததும் மறைக்காமல் சொன்னாள். அவர் ஒவ்வொன்றாக எடுத்தார், கையில் நிறுத்துப் பார்த்தார், முகர்ந்தார், வைத்தார். ஒரே மரம், ஒரே பருமன், ஒரே கறுப்பு. கடைசிப் பிடியையும் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

மகள் வயிற்றில் கை வைத்தபடி உள்ளே வந்தாள். "எதுப்பா என்னோடது?"

அவர் சட்டென்று எழுந்து ஒன்றை உருவினார். "இதும்மா."

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கே."

"நான் இழைச்சது எனக்குத் தெரியாதா?"

மகள் முகம் தெளிந்தது. சாயக்காரி அதில் புல்லைக் கட்டிக் கொடுத்து அனுப்பினாள்.

"நிஜமா அதுதானாங்க?"

"யாருக்குத் தெரியும். கொஞ்சம் யோசிச்சிருந்தாலும் பிள்ளை பயந்திருக்கும்." மீதிப் பிடிகளைக் கட்டாகக் கட்டிப் பரண்மேல் ஏற்றினார். "குழந்தை பிறக்கிறவரைக்கும் இதுல ஒண்ணுகூட வெளிய போகக்கூடாது. எங்க இருந்தாலும் நம்ம குடும்பத்துக்குள்ளயே இருக்கட்டும்."

சில நாள் கழித்து, அவர் இல்லாதபோது துடைப்பம் வாங்க வந்த ஓர் அம்மாள் பரணை அண்ணாந்து பார்த்தாள். "அந்தக் கறுப்புப் பிடி அழகா இருக்கே. ரெண்டு கொடுங்களேன்."

"அது விக்கிறதுக்கில்லைங்க."

"சும்மாத்தானே கிடக்கு. அப்படி என்ன விசேஷம் அதுல?"

சாயக்காரி கையில் இருந்த புல்லைக் கீழே வைத்தாள்.

"எங்க பொண்ணு மாசமா இருக்கா" என்றாள்.