சித்தப்பா கட்டிய பூச்சி

எங்கள் வீட்டில் மீன் பிடிப்பது அக்கா. பூச்சி கட்டுவது நான். யோசனை சொல்வது சித்தப்பா. இந்த மூன்றில் கடைசி வேலைதான் ஓய்வே இல்லாமல் நடக்கும்.

பூச்சி என்றால் உயிருள்ளது அல்ல. ட்ரவுட் மீன் தின்னும் பூச்சிகள் பெரும்பாலும் ஆற்றின் அடியில் கல்லோடு கல்லாகக் கிடப்பவை. அவற்றைப் போலவே ஒரு சின்னக் கொக்கியில் நூலும் இறகும் சுற்றி, தலையில் கனமான மணி ஒன்றைக் கோத்துச் செய்வதை நிம்ஃப் என்பார்கள். இதை வைத்துப் பிடிக்கும் முறையில் மிதவை கிடையாது. நீளமான ஒல்லித் தூண்டிலை உயர்த்திப் பிடித்து, நூலைத் தொய்ய விடாமல், நீரின் போக்கிலேயே பூச்சியை நடத்திக்கொண்டு போக வேண்டும். நூலில் ஒரு முழ நீளம் ஆரஞ்சும் பச்சையுமாக இருக்கும். அந்த நிறம் போகிற போக்கில் கொஞ்சம் தயங்கினால் தூக்கிவிட வேண்டும். அடியில் ஒரு வாய் பூச்சியைப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அந்தத் தயக்கம் எனக்குத் தெரிவதற்குள் அக்காவின் கை மேலே போயிருக்கும்.

சித்தப்பா மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து மிதவை போட்டுப் பிடிப்பவர். அக்கா பயிற்சி செய்யும்போது கரையில் நின்று, "ஏன்டி, பஸ்ல கம்பியப் பிடிச்ச மாதிரி கையத் தூக்கிட்டே நிக்கிற? ஸ்டாப் வந்தா சொல்லு, விசில் அடிக்கிறேன்" என்பார். அவருடைய நண்பர்கள் சிரிப்பார்கள். அப்பா போன பிறகு எங்களுக்குப் பெரியவர் அவர்தான் என்பதால் அம்மாவும் சிரித்து வைப்பாள். நான் குனிந்துகொள்வேன். குனிந்து குனிந்தே எனக்குக் கழுத்து வலி வந்துவிட்டது.

எங்கள் தூண்டில் சங்கத்தின் போட்டி அன்று காலைச் சுற்று முடிந்தபோது அக்கா மூன்றாவது இடத்தில் இருந்தாள். எங்கள் சங்கத்திலிருந்து முதல் இரண்டு பேருக்குத்தான் பெரிய போட்டிக்குப் போகும் அணியில் இடம். ஒரு நல்ல மீன் கிடைத்தால் போதும், இரண்டாவதாகிவிடுவாள். மூன்று வருடமாக வேலைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் அவள் முழங்கால் வரை குளிரில் நின்றதெல்லாம் அந்த ஓர் இடத்துக்காகத்தான்.

மதிய இடைவேளையில் அவள் ஈரக் காலுறையைப் பிழிந்துகொண்டிருந்தாள். நான் ரொட்டி எடுக்க வண்டிப் பக்கம் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் தூண்டில் சித்தப்பாவின் மடியில் இருக்கிறது. நான் கட்டிய பூச்சியை வெட்டி எறிந்துவிட்டு, தன் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். கட்டைவிரல் நகம் அளவுக்கு, பளபளவென்று, கல்யாண மேடை போல ஜோடித்த பூச்சி.

"சித்தப்பா, வேணாம். சின்னவ கட்டினதே நல்லா ஓடுது" என்றாள் அக்கா.

"அது பூச்சியாடி? எள்ளுருண்டைல இருந்து உதிர்ந்த எள்ளு. மீனுக்கும் கண்ணு வேணாமா?"

"எதிர்முள்ள நசுக்கிட்டீங்களா?" என்று கேட்டாள் அக்கா.

கடையில் வாங்கும் கொக்கியின் நுனிக்குப் பின்னால் குட்டியாக ஒரு முள் எதிர்ப்பக்கம் பார்த்து நிற்கும். குத்தினது கழன்று வராமல் இருக்கத்தான் அது. போட்டியில் மீனை அளந்ததும் காயமில்லாமல் ஆற்றில் விட வேண்டும், அதனால் எதிர்முள் இருக்கக் கூடாது. நான் ஒவ்வொன்றையும் குறடால் நசுக்கி, துணியில் குத்தி, சிக்காமல் வருகிறதா என்று இழுத்துப் பார்த்த பிறகுதான் நூலையே தொடுவேன்.

"நசுக்காமலா? நீ பொறக்கறதுக்கு முன்னாடியே தூண்டில் பிடிச்சவன்டி நான்" என்றார் சித்தப்பா.

நான் பார்க்கலாம் என்று கையை நீட்டினேன். தூண்டிலைச் சட்டென்று நகர்த்திக்கொண்டார். "நீ தொடாத தாயே. மூஞ்சிய எப்பவும் உம்முனு வெச்சிருக்க. உன் கை பட்டா வர்ற மீனும் திரும்பிப் போயிரும்."

அம்மா என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "பெரியவர் ஆசையாக் கட்டித் தர்றார். விடேன்." விசில் ஊதினார்கள். அக்கா அப்படியே ஆற்றில் இறங்கினாள்.

ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. நடுவர் முழுக்கால் ரப்பர் பூட்ஸோடு அவளுக்குப் பின்னால் நின்றார். அக்கா ஒவ்வொரு அடியாக மேலே நகர்ந்து, ஒரு பெரிய கல்லுக்குப் பின்னால் நீர் சுழலும் இடத்தில் பூச்சியை இறக்கினாள். ஆரஞ்சு நூல் வந்தது, வந்தது, நின்றது. கை உயர்ந்தது. தூண்டில் நுனி நீரைத் தொடும் அளவுக்கு வளைந்தது. அவள் அவசரப்படவில்லை. மீன் கீழே ஓடினால் அவளும் நடந்தாள், நின்றால் நின்றாள். கடைசியில் அது வலைக்குள் வந்தபோது அதன் வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நடுவர் அளந்தார், தலையாட்டினார், பேனாவை எடுத்தார். கொக்கியை அவர் பார்க்கவில்லை. எல்லாருடைய பூச்சிகளையும் காலையிலேயே பார்த்துவிட்டாரே.

இதோடு முடிந்திருந்தால் அக்கா அணியில் இருந்திருப்பாள்.

கரையில் சித்தப்பா நாற்காலியிலிருந்து குதித்தார். "என் பூச்சி! அது என் பூச்சி! மத்தியானம் நான் மாட்டி விட்டது! இவ சும்மா பிடிச்சிட்டு நின்னா, அவ்ளோதான்!"

நடுவரின் பேனா நின்றது. "மத்தியானம் மாத்தினதா? அத நான் பாக்கலையேம்மா."

சட்டைப்பையிலிருந்து ஒரு பருத்தித் துணியை எடுத்தார். கொக்கியை அதில் குத்தி, மெதுவாக வெளியே இழுத்தார். துணி கூடவே வந்தது. இன்னொரு தடவை, வேறு இடத்தில். அப்போதும் வந்தது. "மன்னிச்சிரும்மா. இந்த மீன் கணக்குல வராது."

அக்கா நீருக்கடியில் மீனைத் தாங்கிப் பிடித்து, அது தானாக நீந்திப் போகும்வரை நின்றாள். பிறகு அந்தப் பூச்சியை வெட்டிவிட்டு என்னுடையதைக் கட்டினாள். முடிச்சு மூன்று தடவை நழுவியது. மிச்ச நேரத்தில் இரண்டு மீன் வந்தன, இரண்டும் அளவுக்குக் குறைந்தவை. மூன்றாவது இடம்.

சாயங்காலம் சங்கத்தின் கூடத்தில் எல்லாரும் காகிதக் கோப்பையோடு நின்றிருந்தார்கள். ஈர பூட்ஸ் நாற்றம். சித்தப்பா, சங்கத்தின் சின்னம் தைத்த தன் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு நடுவில் நின்று கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"பூச்சியில ஒரு குறையும் இல்ல. பெரிய மீன் வந்துச்சா இல்லையா? முள்ள நசுக்கறது எங்க வீட்ல சின்னவ வேல. விட்டுட்டா. என்ன பண்றது, ஸ்கூலையே பாதியில விட்டவ, முள்ளையா முழுசா நசுக்கப் போறா?"

சிரித்தார்கள். அம்மாகூட என்னைத்தான் பார்த்தாள், நிஜமாகவே நான்தான் விட்டுவிட்டேனோ என்பது போல. அக்கா சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். சட்டைக்கையால் கண்ணைத் துடைத்தாள்.

நான் குனியவில்லை.

நேராகப் போய்ச் சித்தப்பாவின் கோட்டுப்பையில் கையை விட்டு டப்பாவை எடுத்தேன். அவர் "ஏய்" என்பதற்குள் ஒரு பூச்சியை எடுத்து அவர் நெஞ்சில், அந்தச் சின்னத்துக்குப் பக்கத்தில், கம்பளியில் குத்தி இழுத்தேன். வரவில்லை. கோட்டு கூடாரம் போல் எழுந்தது.

"இதையும் நான்தான் நசுக்காம விட்டேனா, சித்தப்பா?"

"என்னடி பண்ற?"

அடுத்ததை எடுத்தேன். "இது?" வரவில்லை. "இது? இது? இந்தச் செகப்பு?" என் குரல் இவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது. கூடத்தின் கடைசி வரை கேட்டது. "ஒண்ணாவது வருதா பாருங்க! உங்க வாழ்க்கையில ஒரு கொக்கிய நசுக்கிருக்கீங்களா?"

பிறகு அக்காவின் பையிலிருந்து அவள் டப்பாவை எடுத்துத் திறந்து நான் கட்டிய எள்ளை எடுத்து அதே கோட்டில் குத்தினேன். இழுத்தேன். வெண்ணெயிலிருந்து வருவது போல் வந்தது. மறுபடியும் குத்தி, மறுபடியும் எடுத்துக் காட்டினேன்.

யாரும் சிரிக்கவில்லை. நடுவர் தன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிடுங்குடி இதயெல்லாம்! புதுக் கோட்டு!"

"வராது சித்தப்பா. வெட்டித்தான் எடுக்கணும்."

அம்மா கைப்பையில் கத்திரியைத் தேடினாள். அக்கா திரும்பி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்படியே இருக்கட்டும்மா. என் இடத்தக் குடுத்து வாங்கின பதக்கம்" என்றாள். அவள் கண் இன்னும் ஈரமாக இருந்தது. அந்த இடம் திரும்பி வரப்போவதில்லை. அதை நினைக்க நினைக்க, அந்த டப்பாவில் மீதி இருந்ததையும் குத்தியிருக்கலாம் என்றுதான் தோன்றியது.

"பொம்பளப் பிள்ளைக்கு இவ்ளோ கோபம் ஆகாது" என்று சித்தப்பா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பேசப் பேச, நெஞ்சில் வரிசையாகத் தொங்கிய பூச்சிகளும் ஆமாம் ஆமாம் என்று ஆடின.