சம்மந்திக்குக் கொடுத்த கதிரை

கட்டிலின் கால்களுக்குக் கீழே சீமெந்துக் கல் வைத்து உயர்த்திய அன்றுதான் எங்கள் வீட்டில் கலியாணக் களை வந்தது. கல் வைத்தவர்கள் பந்தல்காரர்கள். முற்றத்தில் குழி தோண்டிக் கொண்டிருந்தவர்களை என் மனைவி லைலா உள்ளே கூப்பிட்டு, "தம்பிமாரே, இந்தக் கட்டிலையும் ஒருக்காத் தூக்கி விடுங்க. இவரு பணிஞ்ச இடத்துல இரிக்கப்படாதாம்" என்றாள். நான் நடக்க ஊன்றும் நாலுகால் நடை சட்டத்தைப் பிடித்தபடி வாசற்படியில் நின்று, தலைமாட்டுக் கல் சரியில்லை என்று இரண்டு தரம் மாற்ற வைத்தேன். திருகோணமலைத் துறைமுகத்தில் இழுவைப் படகுக்குச் சுக்கானியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எதுவும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் எனக்குக் கண் பொறுக்காது.

அழைப்பிதழ் அச்சுக்குப் போன கிழமை குளியலறையில் வழுக்கி விழுந்தேன். இடுப்பு மூட்டு உடைந்து, அதை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் பொருத்தினார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் வீடு எவ்வளவு பள்ளமானது என்பது தெரிந்தது. கால் தடுக்கும் பாய்களையெல்லாம் சுருட்டி அலுமாரிக்கு மேலே போட்டாள் லைலா. படுக்கும்போது இரண்டு தொடைகளுக்கும் நடுவே ஒரு தலையணை. நழுவிய சாரத்தைக் குனியாமல் எடுக்க, நுனியில் கவ்வி வைத்த ஒரு நீளக் கம்பு. நடை சட்டத்தில் ஒரு துணிப்பை. அதற்குள் தொலைபேசியும் தஸ்பீஹ் மணியும் தண்ணீர்ப் போத்தலும். மலசலகூடக் குழிக்கு மேலே வைக்கும் ஓட்டைக் கதிரையை டவுனிலிருந்து ஓட்டோவில் ஏற்றியபோது, கிண்ணியாப் பாலம் தாண்டி வீடு வரும்வரை அதன்மேல் போர்வை மூடியிருக்க வேண்டும் என்று கட்டளையிட்டேன். "ஓம், மூடித்தான் கொண்டு வந்த. கண்டவங்க எல்லாம் மையித்தோ, ஆரு செத்த எண்டு கேட்டாங்க" என்றாள் லைலா.

எல்லாவற்றிலும் சிறந்தது வீட்டு முன் மண்டபத்தில் போட்டிருந்த கதிரை. தேக்கில் செய்த கைப்பிடிக் கதிரை. தச்சர் அதன் கால்களுக்கு மரக்கட்டை அடித்து உயர்த்தினார்; லைலா பச்சை வெல்வெற்றில் தடித்த மெத்தை தைத்தாள். அதில் உட்கார்ந்தால் எழும்புவது சுலபம். பார்வைக்கும் கம்பீரம்.

உடற்பயிற்சி சொல்லித் தர டவுனிலிருந்து ஸ்கூட்டியில் வரும் லக்சனா என்ற பிள்ளை மூன்று விலக்கு விதித்திருந்தாள். தாழ்வான இடத்தில் இருக்கக்கூடாது, சம்மணம் கட்டக்கூடாது, முன்னுக்கு வளையக்கூடாது. "மீறினா மூட்டு கழண்டு போகும் ஐயா. பிறகு திரும்பவும் ஆசுபத்திரிதான்."

மூன்றையும் செய்யாமல் ஒரு தகப்பன் தன் மகளை எப்படிக் கலியாணம் செய்து கொடுப்பான்? வெள்ளைத் துணி விரித்த நிலத்தில் சம்மணமிட்டு, மாப்பிள்ளையின் முழங்காலோடு முழங்கால் முட்ட உட்கார்ந்து, முன்னுக்கு வளைந்து அவர் வலது கையைப் பிடித்து, 'என் மகளை உமக்கு நிக்காஹ் செய்து தந்தேன்' என்று சொல்ல வேண்டும். என் மூத்த பெண்கள் இருவரையும் அப்படித்தான் கொடுத்தேன். என் வாப்பாவும் அப்படித்தான். தகப்பன் உயிரோடிருக்க இன்னொருவர் கை நீட்டியது எங்கள் குடும்பத்தில் கிடையாது. கடைசி மகள் ஷிஃபானாவுக்கு மட்டும் அது நடக்க விடுவேனா? நாளைத் தள்ளவும் வழியில்லை. மாப்பிள்ளை றுமைஸின் கட்டார் வேலை லீவு முடிகிறது.

"காக்கா, நீங்க பேசாம கதிரையில இரிங்க. உங்களுக்குப் பதிலா நான் கைய நீட்டிப் போடுறன். மார்க்கத்துல இடமிருக்கு" என்றான், அண்ணனைக் காக்கா என்று கூப்பிடும் என் தம்பி ஸைனுலாப்தீன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். ஆனால் சொல்லும்போது தன் வலது கையை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"கலியாணப் பதிவுகாரரும் மௌலவியும் நிலத்துல. நான் அவங்கட தலைக்கு மேல கதிரையிலயா? உன்ட வேலையப் பாரு" என்றேன்.

சம்மந்தி வீட்டாருக்கு நான் ஒப்பரேசனைச் சொல்லவில்லை. கால் சுளுக்கு என்றுதான் சொல்லியிருந்தேன். சுகமில்லாத மாமனாரின் வீட்டுக்கா மகனை அனுப்புகிறோம் என்று அவர்கள் யோசிக்கக்கூடாது. எங்கள் ஊரில் மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்துதான் வாழ்வார்.

வியாழக்கிழமை காலை புல்மோட்டையிலிருந்து போன் வந்தது. மாப்பிள்ளையின் தகப்பன் நௌபர் அன்று பின்னேரமே மகனோடு வருகிறாராம், கடைசிக் கதைகளைப் பேசி முடிக்க. வீடு ஒரே பரபரப்பாகிவிட்டது. குசினியில் வட்டிலப்பம் அவிந்தது. நடை சட்டத்தைக் குசினிக்குள் மறைத்தேன். ஷிஃபானா அதைத் திருப்பிக் கொண்டு வந்தாள். "வாப்பா, இது இல்லாம ஏலாது" என்றாள். "உன்ட மாப்பிள்ளை வீட்டாக்கள் முன்னால நான் இதப் புடிச்சிட்டு நிக்கவா?" என்று மறுபடி அனுப்பினேன். இஸ்திரி போட்ட சாரம், வெள்ளைச் சேட், இடுப்பில் அகலமான பச்சை வார். கதவு நிலையைப் பிடித்து நிமிர்ந்து நின்றேன். அவர்கள் கேற்றுக்குள் நுழைந்தபோது நான் சுக்கான் பிடித்த காலத்து உயரம் இருந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

நௌபர் கனத்த மனிதர். ஸலாம் சொல்லிக் கைகொடுத்துவிட்டு மண்டபத்தின் நடுவே நின்றார். எங்கே உட்காரலாம் என்று வீட்டுக்காரன் சொல்லும்வரை நல்ல விருந்தாளி நிற்பார். வீட்டில் உள்ள நல்ல கதிரையில்தான் சம்மந்தியை இருத்த வேண்டும். அது யோசித்துச் செய்யும் காரியமல்ல. நாக்குத் தானாகச் சொல்லிவிடும்.

"இதுல இரிங்க, சம்மந்தி."

திரைக்குப் பின்னால் லைலா இருமினாள். அதற்குள் அவர் பச்சை மெத்தையில் ஏறி அமர்ந்துவிட்டார். "மாஷா அல்லாஹ், சிம்மாசனம் மாதிரி இரிக்கே!" றுமைஸும் ஸைனுலாப்தீனும் பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்தார்கள். மிச்சமிருந்தது பழைய செற்றி, மெத்தை குழிந்த தாழ்வான சோபா. நான் அதில் இருந்தேன். இருந்தேன் என்பதைவிட, இறங்கிப் போனேன் என்பதுதான் சரி. என் முழங்கால்கள் நெஞ்சை நோக்கி வந்தன. இடுப்புக்குள் ஏதோ ஒன்று இறுகி, போகட்டுமா என்று கேட்பதுபோல் நின்றது. முகத்தில் ஒன்றும் காட்டாமல் சாப்பாட்டுக் கதை, பந்தல் கதை எல்லாம் பேசினேன்.

"கைபுடிச்சுக் குடுக்கிற நீங்கதானே?" என்று நௌபர் கேட்டார்.

"காக்காக்குக் கால் கொஞ்சம்…" என்று தம்பி தொடங்கினான்.

"நான்தான்" என்றேன்.

அப்போது பின்னேர அசர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. எல்லோரும் எழுந்தார்கள். விருந்தாளிகளைப் பள்ளிக்குக் கூட்டிப் போவது வீட்டுக்காரனின் கடமை. நான் கைகளை ஊன்றினேன். செற்றி என்னை விடவில்லை.

"நீங்க நடங்க, நான் பின்னால வாறன்."

"சேர்ந்தே போவமே" என்று நௌபர் நின்றார். றுமைஸும் நின்றார். மறுபடி ஊன்றினேன். தம்பி குனிந்து என் இரண்டு கைகளையும் பிடித்து இழுக்கப் போனான்.

"சாச்சா! இழுக்காதீங்க, மூட்டு கழண்டு போகும்!"

திரை விலகியது. நிக்காஹுக்கு முன் மாப்பிள்ளை வீட்டு ஆண்களுக்கு முன்னால் வரக்கூடாத என் மகள், தலையில் முக்காடும் கையில் நடை சட்டமுமாக நேரே மண்டபத்தின் நடுவுக்கு வந்தாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவள் யாரையும் பார்க்கவில்லை. "வாப்பா, முதல்ல முன்னுக்கு நகருங்க. ஒப்பரேசன் செஞ்ச கால நீட்டுங்க. வளையாதீங்க."

ஒப்பரேசன் என்ற சொல் மண்டபத்தில் விழுந்து அங்கேயே கிடந்தது.

"எங்க புடிக்கோணும்?" என்று றுமைஸ் கேட்டார். அவளிடம்தான் கேட்டார்.

அவள் முக்காட்டை இழுத்துவிட்டாள். "இடுப்பு வார. ரெண்டு பக்கமும். நான் சொல்லக்குள்ள தூக்குங்க. இப்ப."

என் வாரைப் பிடித்து என்னைத் தூக்கி நிறுத்தினார் வருங்கால மருமகன். கொழும்புச் சந்தைக்கு மூட்டை ஏற்றுவதுபோல் அல்ல. நிறைந்த பாத்திரத்தை எடுப்பதுபோல். ஷிஃபானா சட்டத்தை என் கைக்குள் வைத்துவிட்டு வந்த வேகத்திலேயே உள்ளே போனாள்.

நௌபர் கதிரையைத் திரும்பிப் பார்த்தார். அடியிலிருந்த மரக்கட்டைகளைப் பார்த்தார். "அப்ப இது உங்கட கதிரையா? யா அல்லாஹ், ஒரு சொல் சொல்லியிருந்தா நான் நிலத்துல இருந்திருப்பனே!" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடிந்ததும் முகம் மாறியது. "சம்மந்தி, நீங்க மறைச்சது எனக்குக் கவலை. அத விடுவம். நிலத்துல இரிக்க ஏலாதவர் எப்பிடிக் கைபுடிப்பீங்க? தம்பி இரிக்கிறார்தானே?"

பதில் திரைக்குள்ளிருந்து வந்தது.

"வாப்பா இறங்க ஏலாட்டி நிலத்த உயர்த்துவம்! பந்தல்காரங்க முத்தத்துலதானே இரிக்கிறாங்க?"

எனக்குச் சட்டென்று விளங்கியது. துறைமுக இறங்குதுறை! இறங்குதுறையின் விளிம்பில் காலைத் தொங்கப் போட்டு இருந்தால், அதன்மேல் சம்மணமிட்டு இருப்பவரும் நானும் ஒரே மட்டம். யாரும் யாருக்கும் மேலில்லை. "பலகையில ஒரு மேடை போடுவம்! விளிம்புல நான், பக்கத்துல மாப்பிள்ளை, அவருக்கு அங்கால பதிவுகாரர்!" என்று சட்டத்தால் தரையைத் தட்டித் தட்டிச் சொன்னேன். றுமைஸ் அளவு கேட்டார். லைலா உள்ளேயிருந்து துணியின் அளவைச் சொன்னாள். தம்பி மட்டும் தன் வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"கட்டுங்க பாப்பம்" என்றார் நௌபர். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. பள்ளிக்கு என் வேகத்திலேயே நடந்து வந்தார்.

கலியாணத்தன்று பந்தல் நிறைந்திருந்தது. வெள்ளை விரித்த மேடையின் விளிம்பில் என்னை இருத்தினார்கள். றுமைஸ் என் பக்கம் திரும்பிச் சம்மணமிட்டார். கண்ணுக்கு நேரே கண். ஆனால் பந்தல்காரர்கள் ஒரு பலகை தடிப்பு கூடப் போட்டுவிட்டார்கள். என் பாதங்கள் நிலத்தைத் தொடவில்லை. புதிய மூட்டு வைத்த வலது கால், தொங்கிய பாரத்தில் உள்ளே திரும்பத் தொடங்கியது; அப்படித் திரும்பினாலும் மூட்டு கழன்றுவிடும். என் நெற்றி வேர்த்தது. சொன்னால் நிறுத்திவிடுவார்கள். பதிவுகாரர் எங்கள் இருவரின் கைகளையும் சேர்த்து வைத்தார்.

கீழே ஏதோ அசைந்தது. ஸைனுலாப்தீன், கலியாணத்துக்கென்று எடுத்த பட்டுச் சாரத்தோடு, ஊரார் எல்லோரும் பார்க்க, என் காலடி மணலில் உட்கார்ந்துகொண்டிருந்தான். என் பாதங்கள் இரண்டையும் எடுத்துத் தன் மடியில் வைத்து நேராகப் பிடித்தான். அண்ணாந்து பார்க்கவில்லை.

"சொல்லுங்க, பொண்ணுட வாப்பா" என்றார் பதிவுகாரர். நான் றுமைஸின் கையை இறுக்கினேன். கீழே, அவனுடைய உள்ளங்கை என் குதிகாலில் சூடாக இருந்தது.