அரக்குக் கோடி

கோடிப் புடவையை மார்போடு அணைத்துக்கொண்டு கிடர்பூர் துறைமுகக் குவார்ட்டர்ஸின் மாடிப்படி ஏறி வந்த ஷியாமளா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். கூடத்தில் கிடத்தியிருந்த சாவித்ரியை ஏற்கெனவே குளிப்பாட்டி, தலை வாரி, புடவையும் உடுத்தியாகிவிட்டது. சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவை.

"சுமங்கலிக்கு யாராவது வெள்ளை கட்டுவாளா?" என்றாள்.

சாவித்ரியின் கணவர் வெங்கடராமன் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். "அவளேதான் கேட்டா, மன்னி. இந்த ஊர்ச் சுமங்கலிகள் பூஜைக்குக் கட்டிக்கற புடவைதான் வேணும்னு காஜல்கிட்ட சொல்லி வச்சிருக்கா. எனக்கே இன்னிக்குக் காலம்பறதான் தெரியும்."

எதிர்வீட்டு வங்காளிப் பெண் காஜல், நேற்று முளைத்தவள். அவளிடம் சொல்லியிருக்கிறாள்!

ஷியாமளாவும் சாவித்ரியும் மாயவரத்தில் ஒரே தெரு, ஒரே பெஞ்சு. ஒருத்தி பாவாடையை இன்னொருத்தி கட்டிக்கொண்டு வளர்ந்தவர்கள். சாவித்ரிதான் ஒற்றைக்காலில் நின்று தன் அண்ணன் ராஜாராமனுக்கு ஷியாமளாவை முடித்துவைத்தாள். அன்றிலிருந்து வாய்க்கு வாய் மன்னி என்று கேலி. அண்ணனுக்குச் சாந்த்ராகாச்சியில் ரயில்வே வேலை, தங்கை புருஷனுக்கு இங்கே துறைமுகத்தில். நடுவில் ஓர் ஆறுதான் என்று இருவரும் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார்கள்.

சிறுநீரகம் கெட்டு சாவித்ரி படுத்த பிறகு ஷியாமளா ஞாயிறு தவறாமல் ரசம் வைத்து எடுத்து வந்தாள். காஜலோ தினமும் வந்தாள். இரண்டு பேரும் வங்காளத்தில் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். ஷியாமளாவைக் கண்டதும் பேச்சு நின்றுவிடும். சாகக் கிடப்பவளோடு சண்டையா போட முடியும்?

பிறந்தகத்துக் கோடியை அண்ணன் பெண்டாட்டிதான் போட்டாக வேண்டும். இதிலாவது யாரும் பங்குக்கு வர முடியாதென்றுதான், புருஷனைக் காரியத்துக்கு வாத்தியாரைத் தேட அனுப்பிவிட்டு, லேக் மார்க்கெட்டில் கடை திறக்கும்வரை காத்திருந்து, சாவித்ரிக்குப் பிடித்த அரக்கு நிறத்தில் எடுத்து வந்தாள். அதற்குள் இங்கே எல்லாம் முடிந்திருந்தது.

ஷியாமளா கோடியை உதறிப் பிரித்து வெள்ளையின்மேல் போர்த்தினாள். சிவப்புக் கரை ஓர் இழைகூடத் தெரியாதபடி இழுத்து இழுத்துச் செருகினாள்.

காஜல் கால்மாட்டில் ஆல்தாக் கிண்ணத்தோடு உட்கார்ந்து, கோடியின் ஓரத்தை மெல்ல விலக்கிவிட்டு, பாதங்களுக்குச் சிவப்புப் பூசிக்கொண்டிருந்தாள். சுமங்கலியாகப் போகிறவளுக்கு அவர்கள் வழக்கம் அது. இடது கால் சுண்டுவிரலுக்கு வந்ததும் கை நின்றது. அது ஒரு பக்கமாக வளைந்திருக்கும்.

"இந்த விரலுக்கு என்ன ஆச்சு, தீதி?" என்று ஷியாமளாவை நிமிர்ந்து பார்த்து வங்காளத்தில் கேட்டாள். "எல்லாத்தையும் எங்கிட்ட சொல்லியிருக்காங்க. இதை மட்டும் எத்தனை தடவை கேட்டும் சொல்லலை. என் மன்னியைப் போய்க் கேளுன்னு சிரிப்பாங்க."

பள்ளிக்கூடத்து இரும்புக் கேட்டில் இருவரும் தொற்றி ஊஞ்சலாடியது, கேட் சாவித்ரியின் காலில் இறங்கியது, வீட்டில் மாடு மிதித்ததாகச் சொன்னது, யாரிடமும் சொல்வதில்லை என்று அந்த ரத்தக் காலோடு இருவரும் சத்தியம் செய்துகொண்டது. சாவித்ரி கடைசிவரை காப்பாற்றியிருக்கிறாள்.

காஜல் ஷியாமளாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாது" என்றாள் ஷியாமளா.

கோடியின் ஓரத்தை இழுத்து அந்த விரலை மூடினாள். ஈரம் காயாத ஆல்தா அரக்குப் புடவையில் ஒட்டிக்கொண்டது. பட்ட இடம் தெரியவில்லை.